புர்போன் மலை எந்த வகை

அரிசி உலை பொங்கி, மூடியைத் தள்ளி, பானை விளிம்பில் இறங்கி, நெருப்பில் விழுந்து கஞ்சி தீய்கிற மணம். வேறு எந்த மணமும் என்னை இப்படிச் சட்டையைப் பிடித்து இழுப்பதில்லை. இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு, நீல நெருப்பு. பக்கத்து வீட்டில் யாரோ பேச்சு சுவாரசியத்தில் உலையை மறந்துவிடுகிறார்கள். சுவர் தாண்டி அந்த மணம் வருகிறது. எழுதிக்கொண்டிருக்கிற பேனாவை மூடாமல் வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன். எங்கே போவதற்கு? தெரியாது. எழுந்து நிற்கிறேன், அவ்வளவுதான்.

காரைக்காலில் எங்கள் வீட்டு அடுப்பங்கரை. பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆறேழு மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. அக்கா அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்கிறாள், கையில் அகப்பை. நான் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பூகோளப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவளுக்கு எரிமலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எரிமலை! மலையே இல்லாத ஊரில். மலை என்ன மலை, கல்லே இல்லாத ஊரில். எங்கள் மண் ஆறு கொண்டுவந்து போட்ட மண். தோண்டினால் களி, இன்னும் தோண்டினால் மணல், அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவைதான். மாங்காய் அடிக்க எங்களுக்கு ஓட்டாஞ்சில்லு, இல்லையென்றால் ரயில் தண்டவாளத்தில் பொறுக்கிய ஜல்லி. ஜல்லியைக் கையில் எடுத்தால் கேங்மேன் துரத்துவார். அப்படிப்பட்ட ஊரில், ஒரு மலை கொல்லுமா கொல்லாதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருவன்தான்.

விஷயம் இது. அக்காவின் புருஷன், என் அத்தான், பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் எழுத்தர். கொடி இறங்குவதற்கு இரண்டரை வருஷம் முன்னாலேயே அவரைத் தீவுக்கு மாற்றிவிட்டார்கள். வரைபடத்தில் அதற்கு ரெயூனியோன் என்று பெயர். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்கு அது பழைய பெயரில் புர்போன். அவர் கப்பலேறும்போது அக்கா நாலு மாதம். பிறந்த பெண்ணுக்கு இப்போது இரண்டரை வயது. அப்பா என்றால் சுவரில் மாட்டியிருக்கிற கோட்டுப் போட்ட படம் என்றுதான் அந்தக் குழந்தைக்குத் தெரியும். படத்துக்கு முன்னால் நின்று தன் சோற்றில் ஒரு உருண்டையை நீட்டும். படம் வாங்கிக்கொள்ளாது. தானே தின்றுவிட்டு ஓடும்.

சித்திரையில் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. வீடு கிடைத்துவிட்டது, காகிதங்கள் தயார், இந்த வருஷத்துக்குள் புறப்பட்டு வரவேண்டும், தள்ளிப்போனால் இனிமேல் எந்தச் சட்டம் எப்படி மாறும் என்று சொல்ல முடியாது. அக்கா கடிதத்தை ஒரு தரம் படித்தாள். மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"அந்தத் தீவுக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன்."

"ஏம்ப்பா?"

"ஏன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குப் பெரியப்பா ஒருவர் இருந்தார், நாங்கள் யாரும் பார்த்ததில்லை, அப்பாவே பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் காரைக்கால் துறையிலிருந்து கூலிக் கப்பல் ஓடியபோது, இருபது வயதில், கரும்புத் தோட்டத்துக்கென்று புர்போனுக்குப் போனவர். போன புதிதில் யாரையோ பிடித்து எழுதச்சொல்லி ஒரு கடிதம் போட்டார். பிறகு இல்லை. வருஷங்கள் போயின. அப்புறம் ஒருநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: பிரெஞ்சுக்காரன் தீவில், கரும்பு விளைகிற தீவில், நெருப்பு மலை வெடித்து ஒரு பட்டணமே சாம்பலாகிவிட்டதாம், ஆள் மிச்சமில்லையாம். எங்கள் தாத்தா, அதாவது போனவரின் தம்பி, அன்றைக்குத்தான் தலைமுழுகினார். அன்று வைகாசி அமாவாசை. நெருப்பில் போனவருக்காக அன்று வீட்டில் நெருப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வைகாசி அமாவாசைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் பழையது. பீடிகூடப் பற்ற வைக்கமாட்டார் அப்பா. குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டுமென்றால் எதிர் வீட்டு அடுப்பு.

தெருவில் எங்களுக்கே பெயர் அதுதான்: அடுப்பு மூட்டாத வீடு.

அப்பா தபால்காரர். பிரெஞ்சுக்காரன் காலத்திலும் அதே பை, இந்தியா வந்த பிறகும் அதே பை, தொப்பி மட்டும் மாறியது. யாரோடும் வாக்குவாதம் செய்யமாட்டார். மாட்டேன் என்று சொன்னால் அந்த மாட்டேன் அப்படியே கிடக்கும், வாசலில் குறுக்கே படுத்த மாடு மாதிரி. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அம்மா எனக்கு ஆறு வயதிலேயே போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்கு எண்ணெய் தேய்த்தது, பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி வந்தால் திரும்ப அடித்தது எல்லாம் அக்கா. என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. கடிதம் வந்த மறுநாள் அவள் உலை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"டேய் தொரை. இங்க வா. அத்தன வருஷம் படிச்சியே, அந்தப் பாசையில எரியற மலையப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா?"

போட்டிருந்தான். இரண்டு பக்கம். நான் படித்த பிரெஞ்சு அந்த வருஷம் யாருக்கும் வேண்டாத சரக்காகிவிட்டிருந்தது. நான் இங்கிலீஷ் டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன், சுண்டுவிரலுக்கு அகப்படாத ஒரு எழுத்தைத் தேடி. பூகோளப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். அந்தப் பாஷையை என் வீடு என்னிடம் கேட்டது அது முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

நாலு படம். பூமிக்கு அடியில் பாறை உருகிக் கிடக்கிறது, அது மேலே வருகிற வழிதான் எரிமலை, எல்லா மலையும் ஒரே மாதிரி வெடிப்பதில்லை என்று ஆரம்பித்தேன். அக்காவுக்குப் பொறுமை இல்லை.

"எந்த மலை கொல்லும், எந்த மலை கொல்லாது? அத மட்டும் சொல்லு."

"அப்படி ஒத்த வார்த்தையில சொல்ல முடியாதுக்கா. உருகின பாறை தண்ணியா இருக்கா, கெட்டியா இருக்காங்கறதப் பொறுத்தது. அதுக்குள்ள காத்து இருக்கு, ஆவி. அது வெளிய போக வழி கெடைக்குதா இல்லையாங்கறதப் பொறுத்தது."

அவள் உலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதச் சொல்லவா ஒன்ன இம்புட்டு வருஷம் படிக்க வச்சாங்க? கஞ்சி நீர்க்க இருந்தா பொங்கி வழிஞ்சு ஓடும். கேப்பைக் களி கிண்டுனா குமிழி வெளிய வரமுடியாம முண்டும், அப்பறம் 'பொளக்'குனு தெறிச்சு கையச் சுட்டுப்புடும். அதானே?"

அதேதான். எங்கள் வாத்தியார் ஒரு மாதம் சொல்லியும் எனக்கு விளங்காதது. பிறகு பாடம் நடத்தியது அவள்தான். நான் படத்தைக் காட்டுவேன், அவள் பாத்திரத்தைக் காட்டுவாள்.

முதல் வகை, ஹவாய் என்ற தீவின் பெயர் அதற்கு. உருகிய பாறை நீர்க்க இருக்கிறது, ஆவி சுலபமாக வெளியேறிவிடுகிறது, குழம்பு பொங்கிப் பரவி ஓடுகிறது. ஓடி ஓடிப் படிந்ததனால் மலையே தாம்பாளத்தைக் கவிழ்த்த மாதிரி அகலமாக, சரிவாக இருக்கும். இரண்டாவது இத்தாலிக் கடலில் ஒரு சின்ன மலை. கொஞ்சம் கெட்டி. கால் மணிக்கு ஒருதரம், அரை மணிக்கு ஒருதரம் நெருப்புத் துண்டுகளை மேலே எறிந்துவிட்டு அடங்கும். இரவில் கப்பல்காரர்களுக்கு அது விளக்கு. ("மூடி கடகடங்குதே, அது," என்றாள்.) மூன்றாவது இன்னும் கெட்டி. வாய் இறுகி மூடிக்கொள்ளும், உள்ளே ஆவி சேரும், சேர்ந்து சேர்ந்து ஒருநாள் அடைப்பை உடைத்துக்கொண்டு கறுப்புப் புகை காலிப்ளவர் மாதிரி வானத்துக்குப் போகும், சாம்பல் ஊரெல்லாம் கொட்டும். சாம்பல் ஒரு அடுக்கு, குழம்பு ஒரு அடுக்கு என்று மாறி மாறிப் படிந்து அந்த மலை கூம்பாக, செங்குத்தாக நிற்கும்.

நாலாவது படத்தில் அக்கா பாத்திரம் எதையும் காட்டவில்லை. பாறை அங்கே அவ்வளவு கெட்டி, ஓடவே ஓடாது. வாயில் தக்கை மாதிரி இறுகி மேலே மேலே எழும்பி நிற்கும். ஆவிக்குப் போக இடமில்லை. பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு வரும். நெருப்பு மேகம். அது மேலே போகாது, கனம், தரையோடு தரையாகச் சரிவில் இறங்கும், குதிரை ஓடி ஜெயிக்க முடியாது. மலையடிவாரத்தில் பட்டணம் இருந்தால் சில நிமிஷம்தான். மூச்சு இழுத்தால் உள்ளே நெருப்பு.

"புர்போன் மலை இதுல எது?" என்றாள் அக்கா.

புத்தகத்தில் முதல் படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், இந்த வகைக்கு நம் தீவிலேயே உதாரணம் உண்டு என்று ரெயூனியோன் பெயர் போட்டிருந்தது. 'நம் தீவு.' அந்தப் புத்தகத்துக்கு எல்லாத் தீவும் நம் தீவு.

நான் அதைப் படித்துவிட்டேன். வாய் திறக்கவில்லை.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நேரத்தில் உலை பொங்கியது, அவள் திரும்பி மூடியை எடுத்தாள், கஞ்சி தணலில் விழுந்து தீய்ந்தது, அந்தப் புகைக்குள் நான் கணக்குப் போட்டேன். நாலாவது என்று சொன்னால் அவள் போகமாட்டாள். ஒரு விரலை நகர்த்தினால் போதும், முதல் படத்திலிருந்து நாலாவது படத்துக்கு. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, அப்பாவுக்குத் தபால் முத்திரையில் உள்ளது தவிர வேறு தெரியாது, ஊரில் இனிமேல் யாரும் அந்தப் பாஷையில் எதையும் சரிபார்க்கப் போவதில்லை. அவள் இங்கேயே இருப்பாள். குழந்தை என் தோளில் தூங்கும். எனக்குச் சோறு போட ஆள் இருக்கும். கேவலம், சோறுதான். இன்னும் உயர்வாகச் சொல்லிக்கொள்ள எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

"பாத்து சொல்றேங்க்கா," என்றேன்.

"என்னத்தடா பாக்கப்போற? புஸ்தகம் மடியிலதானே இருக்கு?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அரசலாறு கடலில் சேருகிற இடம். தட்டை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டை, வானத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு நகத்தளவு மேடு கிடையாது. இவ்வளவு தட்டையான ஊரில் எதை மறைத்து வைப்பது? பட்டினச்சேரிப் பக்கம் கட்டுமரங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். முதல் வகைதான் அக்கா, கொல்லாத வகை, என்றேன். அவள் தலையை ஆட்டினாள். முகத்தில் சந்தோஷமா என்று தேடினேன். தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் பார்த்த ஒரு மனிதரிடம் போவதற்கு அவளுக்கு எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம், எனக்கு இன்றுவரை தெரியாது.

"அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா புருசங்கிட்டப் போக அலையறான்னு ஆவும்."

சொன்னேன். அத்தானின் பழைய கடிதங்களையும் சாட்சிக்கு எடுத்துப் போனேன். அந்த மலை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் பொங்குகிறது, மூன்று பக்கமும் உயரமான பாறைச் சுவர், திறந்த பக்கம் கடல், குழம்பு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது, அங்கே குடியிருப்பு இல்லை என்று அவர் எழுதியிருந்தார். பொங்கும்போது காற்றில் பொன்னிறத்தில் முடி மாதிரி பறந்து வருமாம், எடுத்துப் பார்த்தால் கண்ணாடி நூலாம், பாறை உருகி இழையாக நீண்டது. ஊர் ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவார்களாம்.

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சாவ வேடிக்க பாக்க எவனாச்சும் புளிசாதம் கட்டிக்கிட்டுப் போவானா? மாப்புள்ள ஒன்ன நல்லா ஏமாத்தியிருக்காரு."

"இல்லப்பா, புஸ்தகத்திலயும் அப்படித்தான்..."

"புஸ்தகம் எழுதுனவனும் பிரெஞ்சுக்காரன்தானே? தீவும் அவனுது. ஆள் சேத்தவனும் அவன்தான். மலை கொல்லும்னு எழுதுனா எவன் கப்பல் ஏறுவான்?"

நியாயமான கேள்வி.

அதோடு நிற்கவில்லை. மறுநாள் தபால் கொடுக்கப் போன இடத்தில், ஜாவாவில் இருபது வருஷம் கடை வைத்திருந்துவிட்டு வந்த ஒரு மரைக்காயரிடம் இதைக் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அல்லா காப்பாத்துனான்னு சொல்றாரு அந்தப் பாய். பகல் பன்னெண்டு மணிக்கு விளக்கேத்துனாங்களாம். கோதுமை மாவு மாதிரி சாம்பல் கொட்டி ஓடெல்லாம் ஒடஞ்சுதாம். உச்சியில இருந்த ஏரித் தண்ணி சேறாகிக் கொதிச்சு வந்து ஒரு கிராமத்தையே மூடிட்டுதாம். இதுக்கு என்ன சொல்ற?"

"அது மூணாவது வகைப்பா. கூம்பு மலை."

"வகையாம் வகை. நாய் கடிச்சா என்ன நாய்ன்னு கேட்டுக்கிட்டா இருப்பாங்க?"

அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் பயம் வளர்ந்தது. நாலு வகை என்றதும் நாலு மடங்கு பயம். அத்தான் ஒருமுறை அனுப்பியிருந்த கறுப்புக் கல்லைக் காட்டினேன். உள்ளங்கை அகலம், தேன்கூடு மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை, ஆவி சுலபமாகப் போய்விட்டதற்கு அந்த ஓட்டைகளே அத்தாட்சி என்றேன். அக்கா அதைக் குதிகால் தேய்க்க வைத்திருந்தாள். அப்பா வாங்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

வைகாசி பிறந்தது. அத்தானிடமிருந்து இன்னொரு கடிதம், சின்னது. வருகிறாயா இல்லையா என்று எழுது. அவ்வளவுதான் அதில். அக்கா அதைப் பெட்டியில் வைக்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த முடிச்சோடு தண்ணீர் இறைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். என்னால் முடிந்ததெல்லாம் பார்ப்பது. அப்பாவும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அமாவாசை வந்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. அப்பா பழையதைப் பிழிந்து எங்கள் மூன்று பேருக்கும் வைத்தார், அந்த ஒருநாள் மட்டும் அவர்தான் பரிமாறுவார். வெங்காயம், ஊறுகாய். குழந்தைக்கு எதிர் வீட்டிலிருந்து இட்லி. தின்றுகொண்டிருக்கும்போது அவர், யாரையும் பார்க்காமல், எப்போதும் சொல்லுகிற வார்த்தையைச் சொன்னார்.

"பாவம், ஒரு நிமிசத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும்."

ஒரு நிமிஷத்தில். அந்த வார்த்தை என்னை எங்கேயோ தட்டியது. ஒரு நிமிஷத்தில் பட்டணத்தை முடிக்கிற மலை முதல் வகை இல்லை. நாலாவது வகை. நாலாவது படத்துக்குக் கீழேயும் ஒரு பெயர் உண்டு. எச்சில் கையோடு எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். தாத்தா தலைமுழுகிய அதே காலம், கரும்பு விளைகிற தீவு, பிரெஞ்சுக்காரன் தீவு, நெருப்பு மேகத்தில் வெந்த பட்டணம். மர்த்தினீக். பக்கத்தைத் திருப்பி உலக வரைபடத்தைக் கண்டுபிடித்தேன். புர்போன் இருந்தது இந்தப் பக்கம், மடகாஸ்கர் அருகில். மர்த்தினீக் இருந்தது அமெரிக்கா அருகில். நடுவில் ஆப்பிரிக்கா முழுதும் கிடந்தது. ஒரு சமுத்திரம் முழுதும் கிடந்தது.

யோசித்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதுக்கு யோசனை ஏது? வாதத்தில் ஜெயித்துவிட்ட குஷியில் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அந்த மலை இந்த மலை இல்லப்பா! பெரிய தாத்தா போனது புர்போனுக்கு. பட்டணத்த எரிச்ச மலை மர்த்தினீக்ல. வேற தீவு. ஒலகத்துக்கு அந்தப் பக்கம். நம்ம தாத்தா ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டாங்க."

அப்பாவின் கை இலையிலேயே இருந்தது.

"ஒரே தீவுதானே?"

"இல்லப்பா. இங்க பாருங்க. இது ஒண்ணு. இது ஒண்ணு."

அவர் பார்த்தார். ஒன்று முத்திரைகளில் அடிக்கடி பார்க்கிற பெயர். மற்றதை அவர் எப்போதோ ஒருமுறை கையில் தொட்டிருக்கலாம். அவை எங்கே இருக்கின்றன என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. தபால் காரைக்காலுக்கு வந்து சேரும், அவர் வீட்டில் சேர்ப்பார். எங்கிருந்து என்பது அவர் வேலையில் சேராது.

"அவரு இருந்த தீவுல மலை வெடிக்கலியா?"

"பொங்கியிருக்கும்ப்பா. அது பொங்கிக்கிட்டேதான் இருக்கும். அதனால ஒரு பட்டணம் சாவலை."

"அப்ப அவரு சாவல."

"தெரியாதுப்பா. சீக்குல செத்திருக்கலாம். வயசாகிச் செத்திருக்கலாம்."

"கல்யாணம் பண்ணியிருக்கலாம்," என்றார் அப்பா. "புள்ள குட்டி இருந்திருக்கலாம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நிறுத்து என்று. நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அழவில்லை. கோபமும் இல்லை. தபால் நிலையத்துப் பேச்சு மாதிரி, சாதாரணமாக ஆரம்பித்தார்.

"இருபத்தெட்டு வருசமா கடல் கடந்த கடுதாசிய வூடு வூடாக் கொண்டுபோய்க் குடுக்கறேன். மொத வருசம் மாசம் ஒண்ணு. அப்பறம் தீவாளிக்கு, பொங்கலுக்கு. நோன்புப் பெருநாளைக்கு. அப்பறம் ஒரு வூட்டு வாசல்ல நான் நிக்கறதில்ல, நேரா போயிடுவேன். அந்த அம்மா கதவப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. நான் பாக்காத மாதிரி போவேன். அப்பல்லாம் நெனைப்பேன், நம்ம வூட்டுக்கு அந்தக் கதி இல்ல, நம்ம ஆளு எழுதாம இல்ல, எழுத முடியாமப் போயிட்டாருன்னு." துண்டால் கையைத் துடைத்தார். "எழுதாமத்தான் இருந்திருக்காரு."

"அப்பா, அது..."

"இல்லடா. நீ சரியாத்தான் படிச்சிருக்கே." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "அடுப்ப மூட்டும்மா. கொழந்தைக்குப் பால் காய்ச்சு."

"இன்னிக்காப்பா?"

"இன்னிக்குத்தான். எதுக்கு மூட்டாம இருக்கறது?"

அக்கா நகரவில்லை. அவரே எழுந்துபோய் வறட்டியை உடைத்து வைத்து, தீப்பெட்டியை உரசினார். கந்தக நாற்றம். பிடிக்கவில்லை. இன்னொரு குச்சி. பிடித்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அந்த நாளில் எரியாத அடுப்பு, எந்த வித்தியாசமும் இல்லாமல், மற்ற நாளைப் போலவே எரிந்தது. எதிர் வீட்டம்மா பால் செம்போடு வந்தவள் புகையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க, இன்னிக்கு..." என்றாள். அப்பா பால் செம்பை வாங்கிக்கொண்டார்.

பால் காய்ச்சி இறக்கிவிட்டு அப்பா சொன்னார், "மாப்புள்ளைக்கு எழுது. வர்றேன்னு எழுது."

இப்படித்தான் நான் ஜெயித்தேன். மலை கொல்லாது என்று நிரூபித்தேன், அவர் போகவிட்டார். மலைக்காக இல்லை. மலை ஒரு சாக்காக இருந்தவரை அவருக்கு மகளைத் தடுக்க ஒரு வழி இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டேன். அவருடைய பெரியப்பாவை இரண்டாம் தடவை சாகடித்தேன் என்றும் சொல்லலாம், உயிரோடு எழுப்பிவிட்டுத் தொலைத்தேன் என்றும் சொல்லலாம். எது பெரிய பாவம் என்று இந்த வயதிலும் புரண்டு புரண்டு படுக்கிறேன். புத்தகத்தில் இருந்ததைத்தானே படித்தேன்? ஆமாம், புத்தகத்தில் இருந்ததைத்தான் படித்தேன்.

ஆனி கடைசியில் புறப்பாடு. காரைக்காலிலிருந்து பேரளம் வரை ரயில், பிறகு வேறு ரயில், கொழும்புக் கப்பல், அங்கிருந்து இன்னொரு கப்பல். துணைக்குத் தீவுக்குத் திரும்புகிற ஒரு குடும்பம் கிடைத்திருந்தது. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கூடை, மிளகாய்ப் பொடி, வடகம். குழந்தை தன் அப்பாவின் படத்தை மார்போடு கட்டிக்கொண்டு வந்தது, கழற்றித் தரமாட்டேன் என்று அழுததால் சட்டத்தோடு அப்படியே கொடுத்துவிட்டோம்.

அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார், காக்கி உடுப்போடு, பையோடு. நடுவில் நேரம் ஒதுக்கி வந்தவர். பெட்டிகளை ஏற்றினார். குழந்தையின் மூக்கைத் துடைத்தார். அக்கா குனிந்து காலைத் தொட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார், எடுத்தார். எல்லோரும் சொல்லுகிறதை, போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடு என்பதை, அவர் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அதைக் கொண்டு சேர்த்தவர், அதைக் கேட்கவில்லை. "நேரமாவுது, கோவில்பத்து பக்கம் பாக்கி இருக்கு," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி கிளம்ப இன்னும் கால் மணி இருந்தது.

கால் மணி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கு என்று சொல்லலாமா? சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் கூடையைத் தள்ளி வைத்தாள், திரும்ப இழுத்து வைத்தாள். குழந்தைக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள், வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "சட்டைப் பொத்தான் தைச்சு வச்சிருக்கேன், ரெண்டாவது தட்டுல," என்றாள். "சரி," என்றேன். கார்டு ஊதினார்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அக்கா முகத்தைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"டேய், இங்க பாரு. எப்பவாச்சும் எங்கிட்டேருந்து கடுதாசி நின்னு போச்சுன்னா, மலை வெடிச்சுடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிடு."

"அது வெடிக்காதுக்கா. அது அந்த வகை இல்லக்கா."

"எனக்குத் தெரியும்டா. நீ சொன்னா அவரு நம்புவாரு."